முள் வைத்த வழி

காவ் செங்கை வாசல் வழியாகக் கொண்டுபோகவில்லை. அடுப்புக்கு அந்தப் பக்கம், அவள் படுத்திருந்த இடத்தில், தரை மூங்கிலை வெட்டிக் கீழே இறக்கினார்கள். கால் நட்டு உயர்த்திய வீட்டுக்கு அடியில் பன்றிகள் இருந்தன. முதலில் அவற்றை விரட்ட வேண்டியிருந்தது. ஒரு பெட்டைப் பன்றி மட்டும் போகாமல் கால்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றி வந்தது. லா டோய் அதைக் கல்லால் அடித்தார். மகள் செத்த பிறகு அவர் செய்த முதல் காரியம் அதுதான்.

வயிற்றுப் பிள்ளையோடு செத்தவள் வாசலைத் தாண்டிப் போனால் வாசலை நினைவில் வைத்துக்கொண்டு திரும்பி வருவாள். அதற்காகத்தான் தரையை வெட்டுவது. மேலே நின்ற லூ ராய்க்கு அந்த ஓட்டை வழியாக மகளின் பாதங்கள் தெரிந்தன. பிறகு சேறு மட்டும் தெரிந்தது.

மழைக்காலத்தின் கடைசி மழை அது. விறகு எரிய மறுத்தது. ஊர் எல்லைக்கு வெளியே ஓடை வளைகிற இடத்தில் வயதானவர்கள் நாலைந்து பேர் மட்டும் நின்றார்கள். இளவட்டங்கள் எல்லாம் பயந்து மலைக்காட்டுக் குடிசைகளுக்கு ஓடிவிட்டார்கள். லா டோயின் அண்ணன் காம் யாவ்தான் ஓதினார். புங்ரான் குன்றின் தும்சா அவர். நாட் எனும் ஆவிகளிடமும் முன்னோர்களிடமும் ஊருக்காகப் பேசுகிறவர். நோயில் செத்தவர், மூப்பில் செத்தவர் என்றால் அவர் வழியை ஓதுவார். வீட்டிலிருந்து கிளம்பி, எந்த ஓடை, எந்த மேடு, எங்கே இளைப்பாறுவது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, வடக்கே முன்னோர் இருக்கும் ஊர் வரைக்கும் கூட்டிப்போய் ஒப்படைத்துவிட்டு வருவார். காவ் செங்குக்கு அவர் ஓதியது அதுவல்ல. அடைப்பு ஓதினார். இது உன் வழியில்லை, இந்த அடுப்பு உன்னுடையது இல்லை, உன் பெயர் இங்கே இல்லை என்று ஒவ்வொரு கிளைப்பாதையிலும் ஒரு முள் கொப்பை வெட்டிப் போட்டார். சிதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே ஓத வேண்டும். காம் யாவின் முதுகு குலுங்கியதாகப் பிற்பாடு யாரோ சொன்னார்கள். அந்தப் பெண்ணைச் சிறு வயதில் முதுகுத் துணியில் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் திரிந்தவர் அவர்.

அதற்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் சொல்லக் கூடாது.

இதில் லா டோய்க்கு ஒரு சங்கடம் வந்தது. மனைவியை அவர் இத்தனை காலமும் "செங் அம்மா" என்றுதான் கூப்பிட்டு வந்தார். இப்போது எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மறுநாள் காலையில் "இந்தா" என்றார். லூ ராய் நிமிர்ந்து பார்த்தாள். அவர் தண்ணீர் கேட்க வந்தவர், கேட்காமலே மூங்கில் குழாயை எடுத்துக்கொண்டு தானே ஓடைக்குப் போனார்.

காவ் செங்கின் தறி, கூடை, சிவப்புக் கம்பளிப் பாவாடை, சீப்பு எல்லாம் எரிந்து முடிந்தன. மருமகன் தூ ராவ் காட்டில் படையோடு இருந்தான். சேதி சொல்லி அனுப்பியிருந்தார்கள். சேதி போய்ச் சேர்ந்ததா என்றும் தெரியவில்லை. முதல் பிள்ளை பிறக்கும் வரை பெண் தாய்வீட்டில் இருப்பது வழக்கம். அதனால்தான் அவள் இங்கே இருந்தாள். இல்லாவிட்டால் கீழே மான்கா ஊரில் இருந்திருப்பாள். அங்கே வேதக்கோயில் இருந்தது, நர்சுக்குப் படித்த ஒரு பெண் இருந்தாள்.

லூ ராயை அரித்தது அதுகூட இல்லை. மழைக்கு முன்னால் காவ் செங் கோயிலில் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். மான்கா பாதிரியார் நாவ் சான் லூ ராயின் அண்ணன் மகன். அவனே வந்து, ஆற்றில் முங்கி எழுகிற நாளைச் சொல்லிவிட்டுப் போனான். லூ ராய்தான் மகளைத் தடுத்தாள். பிள்ளைப் பேற்றைக் காப்பவர்கள் வீட்டு நாட் ஆவிகள். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அவர்களைப் பகைத்துக்கொள்ளலாமா? "பிள்ள கீழ விழட்டும். அப்புறம் ஆத்துல முங்கு, கடல்ல முங்கு, நான் கேக்கல" என்றாள். காவ் செங் சிரித்தாள். "சரிம்மா, ரெண்டு பேரும் சேர்ந்தே முங்கறோம்" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினாள்.

வீட்டு நாட் ஆவிகளுக்கு லூ ராய் கோழியும் கொடுத்திருந்தாள்.

மலை நெல் பழுத்திருந்தது. வழக்கமாக ஒரு வீட்டு அறுப்புக்கு ஊரே வரும், அடுத்த நாள் இவர்கள் அந்த வீட்டுக்குப் போவார்கள். இந்த வருடம் லா டோய் வீட்டு நிலத்துக்கு யாரும் வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. பக்கத்து நிலத்தில் அறுத்துக்கொண்டிருந்த மலாங் வீட்டுக்காரி தூரத்தில் இருந்தே சத்தமாகப் பேசினாள். மருமகள் மாசமாக இருப்பதாகவும், கோபித்துக்கொள்ளக் கூடாது என்றும், வேண்டுமானால் அரிவாள் ஒன்று கூடுதலாகத் தருவதாகவும் சொன்னாள். லூ ராய் அரிவாள் இருக்கிறது என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மலாங் வீட்டுக்காரி மறுபடியும் நிமிர்ந்தாள். மருமகள் நேற்று மான்காவுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்துவிட்டதாகச் சொன்னாள். முங்கியவர்களை அவள் தொட மாட்டாளாம்.

"எவ?" என்று கேட்டாள் லூ ராய்.

மலாங் வீட்டுக்காரி குனிந்து அறுக்க ஆரம்பித்தாள்.

ஊரில் பெயர் கொடுத்தவர்கள் அதற்கு முன்பு விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். இப்போது வீடு வீடாகப் பெயர் கொடுக்கப் போனார்கள். கல்யாணமான பெண் இருந்த வீடு, கல்யாணத்துக்குப் பெண் இருந்த வீடு, பிறகு அவர்களைப் பார்த்து மற்றவர்கள். ஓடை வளைவுப் பக்கம் போகாமல் எல்லோரும் மேட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவளைப் பார்த்ததாகவும் சிலர் சொன்னார்கள். ஈரத் தலையோடு, இடுப்பில் குழந்தையோடு நின்றாளாம். லூ ராய்க்கு அதைக் கேட்கும்போதெல்லாம் ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. குழந்தை பிறந்துவிட்டதா என்று கேட்க நாக்கு வரை வந்துவிடும். அந்த வளைவில் எத்தனையோ தடவை லூ ராய் தனியாகப் போய் நின்று பார்த்தாள். அவள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அறுப்புக்கு வந்த ஒரே ஆள் காம் யாவ். மூட்டுவலிக்காரர். அறுப்பதைவிட உட்கார்ந்து எழுவதற்குத்தான் அவருக்கு நேரம் பிடித்தது. நெல்லைப் பாயில் அடித்து உதிர்க்கும் வேலையை எடுத்துக்கொண்டார். மத்தியானம் நிலத்துக் குடிசையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். லூ ராய் இலைப் பொட்டலங்களை எடுத்துவைத்தாள். கட்டிச் சோறு, இடித்த கருவாடும் மிளகாயும், காட்டுக் கீரை. கணவனின் அண்ணனிடம் நேரே நீட்டுவது வழக்கமில்லை. அவர் பெயரை அவளோ, அவள் பெயரை அவரோ சொல்வதில்லை. பேச்சுக்கூட லா டோய் வழியாகத்தான் நடக்கும். பொட்டலத்தைக் கணவன் முன்னால் வைத்தாள். அவர் அதை அண்ணன் பக்கம் தள்ளினார்.

"உங்க அண்ணன்கிட்டக் கேளுங்க" என்றாள் லூ ராய். "வச்ச முள்ள எடுக்க முடியுமான்னு."

லா டோய் கேட்கவில்லை. சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, குடிசை அவ்வளவு சின்னது.

காம் யாவ் நெருப்பைப் பார்த்துச் சொன்னார். "தம்பி, உன் வீட்டுல சொல்லு. எடுக்கறதுக்குன்னு ஓதறது ஒண்ணு கெடையாது. எங்கப்பா எனக்கு அடைக்கத்தான் சொல்லிக் குடுத்தார்."

"புதுசா ஒண்ணு கட்டி ஓதச் சொல்லுங்க. எருமை வேணும்னா எருமை. இருக்கறது ஒண்ணுதான். அத வெட்டலாம்."

"கட்டலாம். கட்டறதுக்கு என்ன, நேத்தெல்லாம் படுத்துக்கிட்டு அதைத்தான் பண்ணேன்." காம் யாவ் மிளகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். "வாங்கறதுக்கு அங்க ஆள் வேணுமே. பிள்ளையோட செத்த ஒருத்திய முன்னோருங்க இதுவரைக்கும் வாங்கினதே இல்ல. எங்கம்மாவுக்கு ஒரு அக்கா இருந்தா. அவளும் இப்படித்தான். எங்கம்மா சாகற வரைக்கும் அந்தப் பக்கம் பாத்து ஒரு உருண்ட சோறு வச்சிட்டுத்தான் சாப்பிடுவா. யாரும் வாங்கல."

"அப்ப அவ எங்க இருக்கான்னு கேளுங்க."

காம் யாவ் வெகுநேரம் மென்றார்.

"எங்கயும் இல்லன்னு சொல்லு. அதானே கஷ்டம்."

புது நெல்லில் ஒரு கூடையை நெற்றிவாரில் மாட்டிக்கொண்டு லூ ராய் மான்காவுக்கு இறங்கினாள். பனி தொடங்கிவிட்டிருந்தது. கோயிலின் தகரக் கூரை கீழே தூரத்திலிருந்தே தெரிந்தது. நாவ் சான் கோயிலுக்குப் பின்னால் குழிக்குள் நின்று மண்ணை வெட்டி மேலே வீசிக்கொண்டிருந்தான். முங்குகிற நாளைக்கு வரப்போகும் கூட்டத்துக்குக் கக்கூஸ் வெட்டுகிறான். தலை மட்டும் வெளியே தெரிந்தது.

"வாங்கத்தை" என்றான் குழியிலிருந்தே. "வருவீங்கன்னு நெனச்சேன். இவ்வளவு சுமையோடன்னு நெனைக்கல."

"உனக்கில்ல. உன் சாமிக்கு."

அவன் சேறு படிந்த கையோடு மேலே ஏறி வந்து கூடையை இறக்கிவைத்தான். "அவர் எதையும் கேக்க மாட்டாரே."

"அதான் எனக்குப் பயமா இருக்கு. கேக்கறவங்கன்னா குடுத்துட்டு ஒரு வழி பண்ணலாம்."

இருவரும் வெட்டிப்போட்ட மண்மேட்டில் உட்கார்ந்தார்கள். நாவ் சானின் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். லூ ராயின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். பயப்படாமல் தொட்ட முதல் ஆள். அதில் லூ ராய்க்குத் தைரியம் வந்தது.

"உன் புஸ்தகத்துல பிள்ளையோட செத்தவளுக்கு எடம் இருக்கா?"

"இருக்கு. அங்க எப்படிச் செத்தன்னு கேக்கறதில்ல அத்தை."

லூ ராய் தேநீரைக் கீழே வைத்தாள். இந்தப் பதிலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"அப்ப அவ அங்க இருக்கா."

நாவ் சான் கால் விரல்களுக்கு நடுவே இருந்த மண்ணைக் குச்சியால் எடுத்தான்.

"அவ முங்கலயே அத்தை."

"பேர் குடுத்திருந்தாளே. பாட்டெல்லாம் தெரியும். பன்னிக்குத் தவிடு கரைக்கும்போதுகூட உன் பாட்டுதான்."

"தெரியும்."

"நான்தான் அப்புறம்னேன். அவ மேல தப்பு இல்ல. அத என் கணக்குல போட்டுக்கச் சொல்லு."

"அப்படி மாத்திப் போட முடியாது."

"நீ பாதிரிதானே?"

"அதான் முடியாது."

லூ ராய் அவனையே பார்த்தாள். சின்ன வயதில் அவள் வீட்டில் கள்ளுப்பானையை உடைத்துவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்பே வந்து சொன்ன பையன். அன்றைக்கு அது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

"பொய்தான் சொல்லேன்" என்றாள். "அத்தைக்காக. அங்க இருக்கான்னு ஒரே ஒரு வார்த்த. நான் வேற யார்கிட்டயும் போய்க் கேக்க மாட்டேன்."

"அவர் எரக்கம் உள்ளவர். அதச் சொல்லலாம். அவள அவர் கைல விட்டுட்டேன்னு தெனமும் சொல்லிக்கறேன். அதுக்கு மேல சொன்னா அது நான் கட்டிச் சொல்றதா இருக்கும்." அவன் குச்சியைக் கீழே போட்டான். "எனக்கும் எத்தனையோ நாளா இதே நெனப்புதான் அத்தை. உங்க ஊர்ல இருந்து பேர் குடுக்க வர்றாங்க. ஒருத்தர்கூட அவரைப் பத்திக் கேக்கறதில்ல. அவளப் பத்திக் கேக்கறாங்க. முங்கினா அவ வர மாட்டாதானேங்கறாங்க. நான் என்ன சொல்ல? இந்தக் குழிய வெட்டிக்கிட்டு இருக்கேன்."

பிறகு லூ ராயையும் வந்து முங்கச் சொன்னான். அவள் வந்தால் மாமாவும் வருவார், தனியாக அந்த வீட்டில் கிடக்க வேண்டாம் என்றான்.

"நான் முங்கினா அவ இருக்கற எடத்துக்குப் போவேனா?"

நாவ் சான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டான். குழிக்குள் இறங்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே நின்றான். லூ ராய் நெல்லை அங்கேயே கொட்டிவிட்டு வெறுங்கூடையோடு மேலே ஏறினாள்.

குளிர் இறுகியது. வயலில் அறுத்த நெல்லின் அடித்தாள் மட்டும் நின்றது. லா டோய் வீட்டின் பின்பக்கம் இருந்த நாட் மேடையைப் பிரித்துப் போட்டார். பிரித்துவிட்டுத் தரை ஓட்டைக்கு அந்த மூங்கிலையே வைத்துக் கட்டினார். புது மூங்கில் வெட்டப் போக அவருக்குச் சலிப்பாக இருந்தது. பழைய தரைக்கு நடுவே அந்த இடம் புகையேறிக் கறுப்பாக, தனியாகத் தெரிந்தது. அவர் மகளைக் காப்பாற்றாதவர்களுக்குக் கோழி எதற்கு என்று கேட்டார். தானும் பெயர் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

"அண்ணனே போறார்" என்றார் பிறகு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமும் சுற்றி வளைத்திருக்கிறார்.

"எங்க?"

"ஆத்துக்கு."

காம் யாவின் பிள்ளைகள் இருவரும் முன்பே முங்கியவர்கள். ஓதக் கூப்பிட இனி ஊரில் வீடு இல்லை. ஓதுகிறவருக்குக் கொடுக்கும் தொடைக்கறி இல்லை என்பதைக்கூட விட்டுவிடலாம், கேட்கிற ஆள் இல்லாமல் யாரிடம் பேசுவது? தான் செத்தால் தனக்கு வழி ஓதவும் யாரும் இல்லை. அதை அவர் ஒரு நாள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அவ்வளவுதான்.

அன்று மத்தியானமே லூ ராய் காம் யாவின் வீட்டுக்குப் போனாள். அவர் முற்றத்தில் உட்கார்ந்து, பலி மேடைக் கம்பங்களை விறகாகப் பிளந்துகொண்டிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. அவளைப் பார்த்ததும் எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தம்பி வரலயா?" என்று வேலியைப் பார்த்துக் கேட்டார்.

"அவர் வரல. நான்தான் பேசணும்."

காம் யாவ் கத்தியைக் கீழே வைத்தார்.

"நீங்க ஆத்துக்குப் போறதுக்கு முன்னால ஒண்ணு பண்ணிட்டுப் போங்க. அவளுக்கு அடைச்ச மாதிரி எனக்கும் அடைச்சிடுங்க."

அவர் காதில் விழவில்லையோ என்று நினைத்தாள். மறுபடியும் சொல்ல வாயெடுத்தபோது அவர் வேலியிடம் சொன்னார்.

"அது செத்தவங்களுக்கு."

"எனக்கு ரெண்டு வழியும் தொறந்து கெடக்கு. ஆத்துல முங்கினா அங்க போலாம். முங்காட்டி முன்னோர்கிட்டப் போலாம். அவளுக்கு ரெண்டும் இல்ல. இந்த ரெண்ட வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்?"

"உசிரோட இருக்கறவளுக்கு அடைச்சா அவ அடுப்புல ஒருத்தரும் குளிர் காய மாட்டாங்க."

"இப்ப யாரு காயறாங்க?"

"தம்பி என்ன சொல்வான்?"

"அவர் வேற ஊருக்குப் பேர் குடுத்துட்டார்."

காம் யாவ் ஒரு கம்பத்தைப் பிளந்தார். பிறகு இன்னொன்றை. அவை பழைய எருமை ரத்தம் ஊறிக் கறுத்தவை, எளிதில் பிளக்கவில்லை.

"அதுல உன் பேரச் சொல்லணும்" என்றார். "நான் சொன்னதே இல்ல."

"சொல்லுங்க. அதுக்கப்புறம் யாரும் சொல்ல வேண்டியதில்ல."

ஓடை வளைவில் சாம்பல் எப்போதோ கரைந்துபோயிருந்தது. கரிய வட்டத்தின் விளிம்பில் புல் முளைத்திருந்தது. காம் யாவ் ஊன்றுகோலோடு வந்தார், இடுப்பில் கத்தி. லூ ராய் வட்டத்துக்குள் போய் உட்கார்ந்தாள். அவர் முதுகைக் காட்டி நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார். நல்ல வெயில் இருந்தது. எதிர் மேட்டில் யாரோ விறகு வெட்டும் சத்தம் கேட்டது. லூ ராய், இது உன் வழியில்லை என்று அவர் ஆரம்பித்தார். அந்தப் பெயர் அவர் வாயில் தடுக்கி, அந்நியப் பெயர் போல வந்தது. இந்த அடுப்பு உன்னுடையது இல்லை. உன் பெயர் இங்கே இல்லை. முள்ளை வெட்டி வடக்குப் பக்கம் போட்டார். திரும்பிப் பார்க்காமலே மேட்டில் ஏறிப் போய்விட்டார்.

லூ ராய் அங்கேயே இருந்தாள். அன்று வீட்டுக்கு வந்து ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள். லா டோய் அதைக் கவனித்தார். அவள் மனம் மாறி ஆற்றுக்கு வருவாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. செத்தால் எங்கும் போகாமல் நிற்கலாம். எங்குமில்லாத இடத்தில் இருவராக இருப்பார்கள். பிள்ளையையும் சேர்த்தால் மூவர். அதை நினைத்துக்கொண்டே தவிடு கரைத்தாள், தண்ணீர் மொண்டாள். கை லேசாக இருந்தது.

முங்குகிற நாளில் அவளும் கூடப் போனாள். எழுந்து வருபவருக்குப் போர்த்த உலர்ந்த கம்பளி வேண்டும், லா டோய்க்கு அவளைவிட்டால் யார் இருக்கிறார்கள். ஆற்றங்கரையில் அக்கம்பக்கத்துக் குன்றுகளின் சனமெல்லாம் இருந்தது. பெரிய அண்டாக்களில் சோறு வெந்தது. நாவ் சான் இடுப்பளவு நீரில் நின்றான், உதடு நீலமாகியிருந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். மலாங் வீட்டு மருமகள் பெரிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். எழுந்தபோது சிரித்தாள். கரை முழுக்க அந்தச் சிரிப்புக்காகவே காத்திருந்தது போலச் சிரித்தது.

தும்சாவின் முறை வந்தபோது சத்தம் அடங்கியது. ஓதியவர் முங்குவதற்கு முன்னால் நாலு பேர் கேட்க ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கோயில் மூப்பர்கள் விதி வைத்திருந்தார்கள். ஒரு மூப்பர் கேட்டார். காம் யாவ் முழங்கால் ஆழத்தில் நின்று சொன்னார், சத்தமாகவே சொன்னார், ஓதிப் பழகிய குரல் ஆற்றின் அக்கரை வரைக்கும் போனது.

"நான் இதுவரைக்கும் ஓதினது எல்லாம் வெறும் காத்து. அதுல ஒண்ணும் இல்ல. நான் யாரையும் எங்கயும் அனுப்பல, யாரையும் தடுக்கல."

நாவ் சான் அவரைப் பின்னால் சாய்த்து நீருக்குள் அழுத்தி எடுத்தான்.

லூ ராய் கையிலிருந்த கம்பளியோடு முன்னால் நடந்தாள். நீர் பாதத்தைத் தொட்டதும் நின்றாள். காம் யாவ் தள்ளாடிக்கொண்டு கரையேறினார். குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தது. அவருடைய மகன் கம்பளியோடு வருவதற்குள் அவள் தன்னிடம் இருந்ததை அவர் தோளில் போட்டாள். தொடக் கூடாது என்பது அப்போது இருவருக்குமே நினைவில் இல்லை.

"எனக்கு ஓதினதுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

"அவளுக்கு ஓதினதும்?"

காம் யாவின் தாடியிலிருந்து நீர் சொட்டியது.

"அப்ப அவளுக்கு அடைக்கவே இல்ல. வழி தொறந்துதான் கெடக்கு. கூட்டிட்டுப் போக ஆள் இல்லாமத்தான் அவ நிக்கறா." அவள் குரல் உயரவில்லை. "ஓதுங்க. இப்பவே. வழிய ஓதுங்க."

"எனக்கு இனிமே வாய் ஏதும்மா? இப்பத்தானே அதைக் குடுத்துட்டு வந்தேன்."

"பாதி நேரம் பல்லு அடிச்சிக்கிட்டுத்தானே நிக்கறீங்க. அதோட சேத்து ஓதுங்க. யாருக்குத் தெரியப்போகுது."

காம் யாவ் ஆற்றைப் பார்த்தார். நாவ் சான் அடுத்த ஆளின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆனால் இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தான். தடுக்கவில்லை. காம் யாவ் கம்பளியை இழுத்து வாயை மறைத்துக்கொண்டார். உள்ளே முனகல் போல ஆரம்பித்தது. வீட்டிலிருந்து கிளம்பு மகளே. ஓடை வளைவைத் தாண்டு. புங்ரான் முகட்டில் தண்ணீர் குடி. நமோன் ஓடையைக் கல்மேல் கால்வைத்துக் கடந்துவா. லகாங் மேட்டில் ஏறு, ஏறி நில்.

நின்றுவிட்டார்.

வழி ஓதுகிறவர் நடுவில் நிறுத்தக் கூடாது. எச்சில் விழுங்கக்கூட நிறுத்த மாட்டார்கள். குரல் எங்கே நிற்கிறதோ அங்கேயே அந்த உயிரும் நின்றுவிடும், முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. லூ ராய் அவர் முகத்துக்கு நேரே பார்த்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"அப்புறம்?" என்றாள். "அப்புறம் என்ன எடம்?"

"தெரியும்மா. எல்லாம் தெரியும். வரமாட்டேங்குது." அவர் அழ ஆரம்பித்திருந்தார். "வாயில வரமாட்டேங்குது."

மகன் வந்து அவரைத் தாங்கிப் பிடித்தான். மூப்பர் ஒருவர் சூடான தேநீரை நீட்டி, பெரியவர் பக்தியில் அழுகிறார் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். நெருப்புப் பக்கம் அவரை நடத்திக்கொண்டு போனார்கள். லூ ராய் கூடவே கொஞ்ச தூரம் போனாள்.

"லகாங் மேட்டுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல" என்றார் காம் யாவ், திரும்பாமல். "புல்லு. காத்து. ஒதுங்க ஒரு மரம்கூட இல்ல. அங்க நிக்க மாட்டாங்க, கடந்து போற எடம்."

லா டோய் நீரிலிருந்து ஏறி வந்து கம்பளியைத் தேடினார். அது இல்லை என்றதும் உடம்பைக் கைகளால் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார். குளிருகிறது, சோற்றுப் பக்கம் போகலாம் என்றார். அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. ஆற்றைத் தாண்டி, குன்றுகளைத் தாண்டி, வடக்கே பார்த்துக்கொண்டு நின்றாள். தெளிந்த நாளில் லகாங் மேடு அங்கிருந்து தெரியும், மொட்டையாக, பழுப்பாக. சாயங்காலம் சனமெல்லாம் கலைந்து போகும் வரை அவள் அங்கேயே நின்றாள். மேகம் விலகவில்லை.